ஏசடியானின் இரண்டாவது வரி

பொன்வயலில் தங்கம் தீர்ந்தது, சுரங்கத்தை மூடினார்கள், மூன்று வேளையும் ஊரை எழுப்பிக்கொண்டிருந்த சங்கு ஊதுவதை நிறுத்தியது, உழைக்கத் தெம்பிருந்தவர்கள் எல்லாம் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களாக ஆனார்கள், ஆனால் ஏசடியான் மட்டும் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதையே செய்துகொண்டிருந்தார். எழுபத்தொரு வயதிலும் தோளில் கித்தாரை மாட்டிக்கொண்டு, கல்யாண வீடானாலும் சபைப் பண்டிகையானாலும் கருமாதியானாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போய், வலது முழங்காலை ஒரு முறை தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, சரளைக்கல்லை முறத்தில் போட்டுப் புடைப்பது போன்ற குரலில் பாடினார்.

அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். பொன்வயல் ஜனங்கள் இழுவைப் பாட்டு என்பார்கள். ஏசடியானின் அப்பா துரைமார்கள் கிளப்பில் பரிமாறுகிறவராக இருந்த காலத்தில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இயந்திரத்தை ஓட்டிய பெரைரா என்ற சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், சிறுவனாக இருந்த ஏசடியானுக்குத் தன் வீட்டில் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். கடலுக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பு மனிதர்களின் பாட்டு அது என்று பெரைரா சொன்னார். பாஷை புரியவில்லை என்றாலும் ஏசடியானுக்கு அது பக்கத்து லைனில் யாரோ வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்துகொண்டு முனகுவது போலவே இருந்தது. லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளின் தகர வீட்டு வரிசை. அந்த வயதிலிருந்து அவர் அதே முறையில் தமிழில் பாடினார். முதல் வரியைப் பாட வேண்டும், அதே வரியை இரண்டாவது தடவையும் பாட வேண்டும், மூன்றாவதாக அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஒரு துக்கத்தை ஒரு தரம் சொன்னால் யாருக்கும் காதில் விழாது, அதனால்தான் ரெண்டு தரம், என்று அவர் கேட்டவர்களிடம் சொல்வார்.

சுரங்கம் மூடி ஏழாவது வருஷம், தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுரங்கத்தில் செத்தவர்களை நினைத்து மாலை போடுவதற்காக ஜனங்கள் வாட்டர்மேன் ஷாப்ட் அருகே கூடினார்கள். ஷாப்ட் என்பது பூமிக்குள் இரண்டு மைல் நேராக இறங்கும் கிணறு, அதன் வழியாகத்தான் ஒரு காலத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், சில நாள் ஏறாமலும் போனார்கள். பம்புகளை நிறுத்திய பிறகு அடியிலிருந்து தண்ணீர் ஏறி ஒவ்வொரு மட்டமாக விழுங்கிக்கொண்டு வந்தது, ஷாப்டின் வாயைக் கம்பி வலை போட்டு அடைத்துக் கங்காதரப்பா என்ற கன்னடக்காரரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஏசடியான் வலைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இறங்கிப் போனவன் எங்கே, இருட்டே நீ சொல்லு, என்று முதல் வரியைப் பாடினார். இரண்டாவது தடவை பாட அவர் வாயைத் திறப்பதற்குள் அதே வரி கீழேயிருந்து வந்தது.

முப்பது நாற்பது ஆண்களின் குரல்கள் அவை, ஈரத்தில் ஊறிய குரல்கள், சில கட்டையாக, சில மூக்கடைத்ததாக, ஒன்று மட்டும் நடுவில் இருமிவிட்டுத் தொடர்ந்தது. யாரும் ஓடவில்லை. டீக்கடை குப்பம்மாள் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பாவுக்கு இன்னும் சளி போகல பாரு," என்றாள். அவள் அப்பா முனிரத்தினம் செத்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கங்காதரப்பா தன் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, "வலையத் தொடக்கூடாது, அது ஒண்ணுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க, பாடக்கூடாதுன்னு சொல்லல," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு பேர் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆந்திராப் பக்கமிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் பொன்வயலை விட்டுப் போன குடும்பங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தன. பாதிரியார் தன் பிரசங்கத்தை இருபது நிமிஷமாகக் குறைத்தார், மாரியம்மன் கோயில் பூசாரி உச்சிக்கால பூசையை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார், தண்ணீர் லாரிக்காரன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைனில் குடம் வைக்க ஆளில்லை என்று சனிக்கிழமைக்கு மாறினான். இது பேயா, தேவ காரியமா என்று முதல் மாதம் சிலர் வாதாடினார்கள், பிறகு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டிய சேதி எல்லோரிடமும் நிறைய இருந்தது.

கீழே இருந்தவர்கள் பேச மாட்டார்கள், பாட்டுக்கு மட்டும் பதில் பாடுவார்கள், அதுவும் இரண்டாவது வரியை மட்டும். அதனால் சேதியைப் பாட்டாக்கித்தான் இறக்க வேண்டும், அதற்கு ஏசடியான் ஒருவர்தான் இருந்தார். பேத்தி நர்ஸ் வேலைக்குப் போனாள் என்று வந்து சொல்வார்கள், அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து அதை ஒரு வரியாக்கிப் பாடுவார், உடனே அந்தப் பேத்தியின் தாத்தா குரல் மட்டும் மற்றவற்றை விலக்கிக்கொண்டு மேலே ஏறி அதே வரியைத் திரும்பப் பாடும். சந்தோஷமா, வருத்தமா என்பதை அந்தக் குரலின் இழுப்பை வைத்து வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். மறுகல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண் பயந்து பயந்து அதைப் பாடச் சொன்னாள், கீழேயிருந்து வந்த வரி முறுக்கிக்கொண்டு வந்தது, அடுத்த வாரம் அவள் தன் இரண்டாவது புருஷனையே அழைத்து வந்தாள், அந்த மனிதன் கைகட்டி நின்று தன் பெயரையும் தன் வேலையையும் சொல்லிப் பாடச் சொன்னான், அதன் பிறகு குரல் சமாதானமாயிற்று. இன்னொருத்தி, பதினெட்டு வருஷமாகப் புருஷன் சுரங்கத்தில் செத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவன் பேரைப் பாடச் சொல்லியும் பதில் வரவில்லை. அவன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்பது ஊருக்கெல்லாம் அன்றைக்குத் தெரிந்துபோனது. அவளை விதவைகள் இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அன்று அந்த லைனில் அவளுக்காக அழுததுபோல் செத்தவர்களுக்காகக்கூட யாரும் அழுததில்லை.

ஒரே ஒரு சேதியை மட்டும் யாரும் பாடச் சொல்லவில்லை. சுரங்கம் மூடிவிட்டது என்ற சேதி. பழைய யூனியன்காரர் ஒருவர் ஒரு தரம் அதைச் சொல்லலாமென்று எழுந்தார், பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரை உட்காரவைத்தார்கள். "வேலை போயிருச்சின்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவாங்க," என்றாள் குப்பம்மாள். "உசிர் போனதே தெரியாம வேலை செஞ்சிகினு கீறாங்க. அவங்ககிட்டப் போயி எதுக்கு."

இப்படியே ஏழு வருஷம் போயிற்று. ஏசடியானுக்கு எழுபத்தெட்டு வயதானது. டாக்டர் அவருடைய இதயத்தைச் சோதித்துவிட்டுப் பாட்டை நிறுத்தச் சொன்னார், அவர் நிறுத்தவில்லை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் மூன்று வரியையும் பாடி முடிக்கிறவருக்கு இப்போது ஒரு வரிக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. அவ்வளவு ஜனங்களின் சேதியைப் பாடியவர் தன் வீட்டுச் சேதி எதையும் ஒரு நாளும் பாடவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்குத் தீத்து என்று ஒரு தம்பி இருந்தான். அண்ணனும் தம்பியும் வாட்டர்மேன் ஷாப்டில்தான் வேலை செய்தார்கள். ஒரு வருஷக் கடைசி நாளில் கிளப்பில் நடனம் ஏற்பாடாயிற்று, வாசிக்க ஏசடியானைக் கூப்பிட்டார்கள், அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். "எனக்குப் பதிலா நீ எறங்குடா, நாளைக்கு உனக்குப் பதிலா நான் எறங்கறேன்," என்று தம்பியிடம் கேட்டார். தீத்துவுக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது, அவன் மனைவி தெபோராள் மூன்று மாதக் கர்ப்பிணி. புது வருஷ ஆராதனைக்கு அவளோடு போகலாமென்று இருந்தவன், அண்ணன் கேட்டதால் சரி என்று இறங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆழத்தில் பாறை வெடித்தது. கிளப்பின் தரை ஒரு முறை எழும்பி அடங்கியது, மேசைக் கண்ணாடிக் குவளைகள் கிணுங்கின, ஏசடியானின் வயிற்றோடு ஒட்டியிருந்த கித்தார் தானாக ஒரு தரம் முனகியது. ஜோடிகள் நின்றுவிட்டார்கள். கிளப் செக்ரட்டரி மூலையிலிருந்து கையை ஆட்டி, நிறுத்தாதே, வாசி, என்று சைகை செய்தார். ஏசடியான் வாசித்தார். மூன்று பாட்டு வாசித்தார். அதற்குப் பிறகுதான் வெளியே ஓடினார். நான்கு பேரை எடுக்கவே முடியவில்லை, அந்த மட்டத்தையே சுவர் வைத்து அடைத்தார்கள், நான்கு பேரில் தீத்து ஒருவன்.

அதற்குப் பிறகு ஏசடியான் சுரங்கத்தில் இறங்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தெபோராள் ஆறு வீடு தள்ளி அதே லைனில் இருந்தாள், மகள் கிரேஸைப் பெற்றாள், வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு வாசலைத் தாண்டி மற்ற எல்லா வீட்டுக்கும் அவளுடைய பலகாரத் தட்டு போகும். அவர் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுக்காகப் பாடியவர், திங்கட்கிழமை காலையில் யாருமில்லாதபோது வலைக்குப் பக்கத்தில் நின்று, தீத்து என்ற பெயரை வைத்து ஒரு வரி பாடுவார், இரண்டாவது வரி வரவில்லை என்றதும் அவரே அதைப் பாடிவிட்டு, மூன்றாவதையும் அவசரமாகப் பாடி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஏழு வருஷத் திங்கட்கிழமைகளும் அப்படியே போயின. என் தம்பி என்னோடு பேச மாட்டான், அவனுக்கு அது நியாயம்தான், என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் ஸ்டவ்வில் கஞ்சிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தெபோராள் நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது, தலை முழுக்க நரைத்திருந்தது, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிரேஸு என்னை பெங்களூருக்குக் கூட்டிகினு போறா," என்றாள். "எனக்கு வயித்துல கட்டி. ரொம்ப நாள் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

ஏசடியான் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். "கேளும்மா," என்றார்.

"அவரு பாடறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"யாரு?"

"உங்க தம்பி. மொத நாள்லேர்ந்து பாடறாரு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஷாப்டுகிட்ட வரமாட்டேன், மண்மேட்டுக்குப் பின்னால நிப்பேன். ஞாயித்துக்கெழமையும் நிப்பேன், திங்கக்கெழமை நீங்க தனியாப் போவீங்களே, அப்பவும் நிப்பேன். அவரு எதுலயும் லேட்டுதான, சாப்புட ஒக்காந்தா ஊரே சாப்புட்டு எந்திருச்சிருக்கும். எல்லாரும் பாடி முடிச்சப்புறம்தான் அவரு ஆரம்பிக்கறாரு. நீங்க அதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிடறீங்க. உங்க கொரலு அவரு மேல விழுந்துடுது. தூரத்துல நின்னா மட்டும்தான் பிரிச்சிக் கேக்கும்."

உலை கொதித்து வழிந்து ஸ்டவ் அணைந்தது. ஏசடியான் அதைப் பார்க்கவில்லை.

"ஏழு வருஷமா உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தேன்," என்றாள் தெபோராள். "நீங்க திங்கக்கெழமை தலயத் தொங்கப் போட்டுகினு வருவீங்க. அதப் பாக்கறதுக்குன்னே நிப்பேன். நல்லா வேணும்னு நெனப்பேன். அத்தயும் சொல்லிடறேன்."

"சரிம்மா," என்றார் அவர்.

"இப்ப அவருக்கு மூச்சு வாங்குது. கொரலு தேஞ்சிருச்சி. நாப்பத்து நாலு வருஷமா ஒரே ஷிஃப்டு பாக்கறாரு, அதுவும் அவரு ஷிஃப்டு இல்ல. நான் செத்துப்போயி மேல போயிட்டா அவரு இங்க கீழயே கெடப்பாரு. சுரங்கத்த மூடிட்டாங்க, ஷிஃப்டு முடிஞ்சிருச்சின்னு பாடுங்க. அவர வீட்டுக்கு அனுப்பிடுங்க."

சேதி அன்று சாயங்காலத்துக்குள் எல்லா லைனுக்கும் தெரிந்துவிட்டது. புதன்கிழமை சபை மைதானத்தில் கூடினார்கள், பாதிரியாரும் பூசாரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஆனால் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் இருவருக்கும் கீழே ஆள் இருந்தது. சிலர் அழுதார்கள், சிலர் இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார்கள். குப்பம்மாள் எழுந்து தெபோராளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"உன் புருஷன மட்டும் அனுப்ப முடியாது. சொன்னா எல்லார் காதுலயும்தான் விழும். எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. இந்த ஏழு வருஷமாத்தான் எனக்கு அப்பா இருக்காரு. அவர என்கிட்டேர்ந்து எடுக்கறதுக்கு நீ யாரு?"

"நான் யாரும் இல்ல," என்றாள் தெபோராள். "ஆனா உங்கப்பா உனக்காக இருக்கல, குப்பு. வேல முடியலன்னு இருக்காரு."

குப்பம்மாள் மைதானத்தை விட்டுப் போனாள். கூட்டம் எந்த முடிவுக்கும் வரவில்லை. முடிவு ஏசடியானிடம் வந்து நின்றது, பாடுகிற வாய் அவருடையது என்பதால். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வந்து, பாடு என்றும் பாடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். கித்தாரின் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி மாட்டினார், அதற்கே ஒரு முழுப் பகல் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்வயலில் படுக்கையில் இருந்தவர்களைத் தவிர எல்லோரும் வந்தார்கள். குப்பம்மாளும் வந்தாள், டீக்கடைச் சேலையைக்கூட மாற்றாமல், வலைக்கு மிக அருகில் போய் நின்றாள். தெபோராள் முதல் முறையாக மண்மேட்டுக்கு முன்னால் வந்து, கங்காதரப்பா விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏசடியான் முழங்காலைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்து, வெகு நேரம் சுருதி பார்த்தார், பிறகு பாடினார்.

சங்கு ஊதியாச்சு, தம்பிகளா, சாமானைக் கீழே வையுங்க.

பதில் வரவில்லை. எப்போதும் முந்திக்கொண்டு வரும் முனிரத்தினத்தின் இருமல்கூட இல்லை. கீழே தண்ணீர் சுவரில் மோதுவது மட்டும் கேட்டது. அவருடைய கை பழக்கத்தில் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தது, அவர் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அதை அடக்கினார். காத்திருந்தார். அறுபது வருஷமாக மேடையில் உட்கார்ந்தவர், வாசிக்கக் கூடாத நேரத்தில் மூன்று பாட்டு வாசித்தவர், அன்றைக்குத்தான் முதல் முறையாக வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின, வெயில் வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது, அவர் காத்திருந்தார்.

அப்போது ஒரே ஒரு குரல், சுருதியை விட்டு அரை அடி தள்ளி, தூங்கி எழுந்தவனுடையது போல ஆழத்திலிருந்து வந்தது. அது அவர் பாடிய வரியைப் பாடவில்லை.

சங்கு ஊதியாச்சா, அண்ணே?

ஏசடியானால் பாட முடியவில்லை. குனிந்து, வலையின் மேல் வாயை வைத்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்: "ஊதியாச்சுடா. எப்பவோ ஊதியாச்சு. சுரங்கத்த மூடிட்டாங்க. எல்லாரையும் கூட்டிகினு வீட்டுக்குப் போ."

கொஞ்ச நேரம் கழித்து, கேஜ் இல்லாத ஷாப்டில் கேஜ் ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு பூட்ஸ் காலடிகள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, சரளையில் ஆணி பூட்ஸ்கள் மிதிக்கிற சத்தமும், ஈரச் சட்டைகளின் வாடையும், வெடிமருந்துப் புகையும் கூட்டத்துக்குள் நுழைந்தன. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். காலடிகள் அந்த வழியே நடந்தன, சில வேகமாக, சில காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அதனதன் லைனுக்குப் பிரிந்து போனது. இருமல் சத்தம் ஒன்று குப்பம்மாளைத் தாண்டிப் போனது, அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். வீடு இடிந்துபோன இடத்தில் சில காலடிகள் நின்று குழம்பின, அண்டை வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்த் தங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

எல்லாம் போன பிறகு, வெகு நேரம் கழித்து, ஒரு ஜோடிக் காலடி தனியாக வந்தது. அது ஏசடியானின் முக்காலிக்கு எதிரில் வந்து நின்றது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது என்று தெரிந்திருந்தும் நிமிர்த்தவில்லை. கித்தாரின் மரத்தில் இருந்த ஒரு கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடி எவ்வளவு நேரம் நின்றது என்று யாரும் சரியாகச் சொல்வதில்லை. பிறகு அது நகர்ந்தது, தெபோராள் நாற்காலியிலிருந்து எழுந்து அதன் கூடவே நடந்தாள், அவசரப்படாமல், பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற இடத்தை விட்டுவிட்டு.

மறுநாள் விடிந்தபோது பொன்வயலில் எந்த வீட்டிலும் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. விரித்த பாய்கள் ஈரமாக இருந்தன, அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏசடியான் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார், இரண்டாவது வரி வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஜனங்கள் வருவது குறைந்தது, தண்ணீர் லாரி மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. குப்பம்மாள் தன் டீக்கடை இருக்கும் தெருவில் ஏசடியான் நடந்தால் உள்ளே போய்விடுவாள், கடைசிவரை அவள் அவரை மன்னிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தெபோராள் பெங்களூருக்குப் போய் மார்கழியில் இறந்தாள். ஏசடியான் எண்பத்து நான்கு வயது வரை கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடினார், முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளி வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று, வயதாகிவிட்டது, மறந்துபோகிறார், என்று கேட்டவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. காலடிகள் வீட்டுக்குப் போன மறுநாள், உச்சிப் பொழுதில், தெபோராள் கையில் மூடிய தட்டோடு ஆறு வீடு தாண்டி வந்தாள். இந்த முறை நிலையில் நிற்கவில்லை. உள்ளே வந்து தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

ஏசடியான் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேட்கக்கூடாது என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தார்.

"என்னாம்மா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கதவத் தெறந்தேன், தண்ணி காய வச்சிக் குடுத்தேன், குளிக்கிற சத்தம் கேட்டுச்சி. அப்புறம் படுத்த சத்தம். நானும் பக்கத்துல படுத்தேன். கட்டில் கொஞ்ச நேரம் கெறக்குன்னு ஆடுச்சி. விடியக்கால கட்டில் மேல போட்ட பாய் ஈரமா இருந்திச்சி."

"என்னப் பத்தி எதாவது கேட்டானா?"

பொய் சொல்லிவிடலாமா என்று தெபோராள் யோசிப்பது அவள் முகத்தில் தெரிந்தது, அவரும் அதைப் பார்த்தார், சொன்னால் நம்பிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

"இல்ல," என்றாள் அவள். "கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஆனால் சோற்றில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். லைனில் எங்கேயோ யாரோ ஈரப் பாயை வெயிலில் உதறிப் போடும் சத்தம் கேட்டது, அடுத்த வீட்டில், அதற்கும் அடுத்த வீட்டில்.

"சாப்புடுங்க மாமா," என்றாள் தெபோராள். "ஆறிடும்."

அவர் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.